இதய இரத்தமா, தொடைச்சிரை இரத்தமா? இறந்தவர் உடலில் மருந்தளவை மதிப்பிடுதல்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஒருவர் இறந்து கிடந்தால், உடல் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் பிணவறைக்கு வந்து, காவல்துறை விசாரணை முடிந்து, பிரேதப் பரிசோதனை தொடங்குவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடலாம். அதற்குள் உடலில் இருந்த மருந்தும் இடம் மாறியிருக்கும்.

மார்பைத் திறந்தவுடன் தாராளமாகக் கிடைப்பது இதய இரத்தம். ஆனால் அதைப்போல ஏமாற்றும் ஆய்வு மாதிரி வேறில்லை. இதயத் தசையிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் செறிந்திருந்த மருந்து, செல்கள் சிதையச் சிதைய அருகிலுள்ள இரத்தத்தில் கசிந்து கலக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், இதய நோய்க்குத் தரும் டிகாக்சின் ஆகிய இரண்டிலும் இது நன்கு அறியப்பட்ட உண்மை. மருத்துவர் சொன்ன அளவையே உட்கொண்டு வந்தவர்கூட அளவுமீறி விழுங்கியவரைப் போலத் தோன்றக்கூடும். இயற்கை மரணமொன்று தற்கொலையாகப் பதிவானால், அந்தக் குடும்பம் அதைக் காலமெல்லாம் சுமக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் தொடைச்சிரையை நான் வலியுறுத்துகிறேன். அது அந்த உறுப்புகளிலிருந்து விலகி இருக்கிறது. சிரையை மேற்புறம் கட்டி அடைத்துவிட்டு, கட்டுக்குக் கீழே ஊசி செலுத்தி எடுக்க வேண்டும். இரத்தம் குறைவாக வருகிறதென்று காலைப் பிசைந்து பிழிந்தால் தசையிலிருந்த மருந்தும் சேர்ந்து வந்துவிடும். முறையாக எடுத்தாலும் மாற்றம் அறவே இராது என்று சொல்ல முடியாது. குறைவாக இருக்கும், அவ்வளவே.

மது அருந்தினாரா என்பதே கேள்வியானால், கண்ணுக்குள் இருக்கும் கூழ்ம நீரையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அழுகும் உடலில் நுண்ணுயிரிகள் குளுக்கோசிலிருந்து, மதுவில் இருக்கும் அதே எத்தனாலை உண்டாக்கிவிடும். ஏற்காட்டுக் குளிரைவிடச் சேலத்துக் கோடையில் இது விரைந்து நடக்கும். வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைச் சுற்றியுள்ள சிறு அளவுகளில்தான் குழப்பம் மிகுதி. மூடிய கண்கோளத்துக்குள் நுண்ணுயிரிகள் எளிதில் நுழைவதில்லை. அங்கே எத்தனால் இல்லாமல் இரத்தத்தில் மட்டும் இருந்தால், அது இறந்தபின் உண்டானதா என்று ஐயுற வேண்டும். எடுத்த இரத்தத்தில் நுண்ணுயிரிகளை முடக்கும் சோடியம் ஃப்ளோரைடு சேர்க்காவிட்டால் புட்டிக்குள்ளேயே எத்தனால் உருவாகலாம்.

கல்லீரல் துணைச் சான்று. தொடைச்சிரை அளவோடு ஒப்பிட்டால் அமிட்ரிப்டிலின் போன்றவற்றில் நன்கு உதவும்; தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

எந்த இடத்து இரத்தம், இறந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது என்ற குறிப்பில்லாமல் வரும் புட்டியைப் பாடநூலின் சிகிச்சை அளவுப் பட்டியலோடு நேராக ஒப்பிடவே கூடாது. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் உயிருள்ளோரின் பிளாஸ்மாவிலோ சீரத்திலோ, அதாவது இரத்த அணுக்களை நீக்கிய திரவப் பகுதியில், அளந்தவை. பிணவறையிலிருந்து வருவதோ முழு இரத்தம்.