மேகம் கிழியும் நேரத்தில்: ஃபில்டரா, பிராக்கெட்டிங்கா?

மலையில் மழை விட்டும் விடாமலும் இழுத்துக்கொண்டிருக்கும் நேரம்தான் நிலக்காட்சிப் படங்களுக்கு நல்ல நேரம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சண்டை அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. மேகம் ஓரிடத்தில் கிழிந்த மறுகணமே வானம் கண் கூச வெளுத்துவிடும். கீழே பாறையும் காடும் கரியாகக் கிடக்கும். இந்த இரண்டையும் ஒரே படத்துக்குள் எப்படி அடக்குவது? லென்ஸுக்கு முன்னால் கிராஜுவேட்டட் ஃபில்டரைச் செருகி வானத்தை அங்கேயே அடக்குவது ஒரு வழி. ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுத்து (இதுதான் பிராக்கெட்டிங்), பிறகு கணினியில் இணைப்பது இன்னொரு வழி. நான் முதல் வழியில் பல காலம் நடந்தவன். இப்போது இரண்டாவது வழியில் இருக்கிறேன், திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் மேலே இருண்டு கீழே தெளிந்திருக்கும். அதன் அடர்த்தி எண் 0.3 என்றால் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும் ஒரு படி), 0.6 என்றால் இரண்டு, 0.9 என்றால் மூன்று. அதாவது 0.9 ஃபில்டரின் இருண்ட பகுதி வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். இருளும் தெளிவும் சந்திக்கும் இடம் சிலவற்றில் கத்தி வெட்டியதுபோல் இருக்கும், சிலவற்றில் மெதுவாகக் கரையும். பிராக்கெட்டிங்கில் அபர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பின் அளவை, மாற்றாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, பொதுவாக இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுப்பார்கள். முதல் வழிக்குக் காசும் சுமையும் அதிகம். இரண்டாவதற்குக் கணினி முன் உட்காரும் நேரம் அதிகம்.

ஃபில்டர் ஒரு காலத்தில் தவிர்க்க முடியாத கருவியாக இருந்தது. ஸ்லைடு ஃபிலிம் தாங்கிய வெளிச்ச வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து ஸ்டாப்தான். 1990இல் வந்த வெல்வியா போன்ற ஃபிலிம்களில் வானம் ஒருமுறை வெளுத்துப்போனால் போனதுதான். மலையேறியும் புகைப்படக்காரருமான கேலன் ரோவெல் இந்த ஃபில்டர்களைப் பரவலாக்கினார். அவர் பெயரிலேயே ஃபில்டர்கள் விற்பனைக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால், அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் கால்களால் கிடைத்தது. 1981இல் திபெத்தின் லாசாவில் வானவில் தோன்றியபோது, அதன் முனை போதாலா அரண்மனை மீது விழுவதுபோல் தெரியும் இடத்தைத் தேடி, மூச்சு முட்டும் அந்த உயரத்தில் அவர் ஓடியிருக்கிறார். மாறும் வானிலையில் வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்றைய முழு அளவு சென்சார்களின் கதை வேறு. மிகக் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவில்) அவை தாங்கும் வெளிச்ச வித்தியாசம் ஆய்வக அளவீட்டில் 14 ஸ்டாப் வரை போகிறது. களத்தில் அவ்வளவும் கைக்கு வராது என்றாலும், ரா கோப்பில் (சென்சார் பதிவுசெய்த மூலத் தரவில்) நிழல்களை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்குவது இப்போது சாதாரணம். ஃபில்டரின் பழைய வேலையில் பாதியைச் சென்சாரே பார்த்துக்கொள்கிறது.

சிகரம் பற்றிய குறை எல்லோருக்கும் தெரிந்ததே. கடலுக்கு நேரான அடிவானம் உண்டு, மலைக்குக் கிடையாது. ஃபில்டரின் இருண்ட பகுதி வானத்தோடு சேர்த்துச் சிகரத்தின் தலையையும் கருக்கிவிடும். மெதுவாகக் கரையும் வகையை எடுத்தால் இது ஓரளவு மறையும். இந்த ஒரு காரணத்துக்காக நான் ஃபில்டரைக் கைவிட்டிருக்க மாட்டேன்.

கைவிட வைத்தது தண்ணீர்.

மலையில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று துளிகளைக் கீழிருந்து மேலாக, நேராக லென்ஸின் முகத்துக்கே கொண்டுவரும். வெறும் லென்ஸ் என்றால் அதன் முனையில் மாட்டும் ஹுட் என்ற மறைப்பு இருக்கிறது. அது துளிகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஃபில்டர் பிடிப்பானை மாட்டினால் ஹுட்டைக் கழற்றியாக வேண்டும். பிறகு 100 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட தட்டையான பலகை ஒன்று எந்த மறைப்பும் இல்லாமல் காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கும். லென்ஸின் முன்கண்ணாடியைவிடப் பல மடங்கு பரப்பு. துளி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விழுந்த துளி என்ன செய்யும் என்பது லென்ஸைப் பொறுத்தது. தூரத்தை இழுத்துக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்ஸில் அது உருத்தெரியாமல் கரைந்து, படத்தின் கான்ட்ராஸ்டை மட்டும் சற்றுக் குறைக்கும். அகலமாகக் காட்டும் 16 மில்லிமீட்டர் லென்ஸில் அபர்ச்சரை எஃப்/16க்குச் சுருக்கினால் அதே துளி வட்டமான கறையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மேகத்துக்குப் பின்னாலிருந்து வெயில் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகப் பளிச்சிடும். நாம் காத்துக்கிடந்ததே அந்த வெயிலுக்காகத்தான். வானத்தில் விழுந்த கறையை அழித்துவிடலாம். புல்லும் பாறையும் கலந்த முன்புறத்தில் விழுந்ததை அழிக்க உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

துடைக்கலாமே என்று கேட்கலாம். துடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் துணி காய்ந்திருக்கும். துளியை ஒற்றி எடுத்துவிடும். சற்று நேரத்தில் அதுவே நனைந்து, துளியை எடுப்பதற்குப் பதிலாகக் கண்ணாடி முழுவதும் மெல்லிய படலமாக இழுத்துவிடும். அந்த இழுப்பு கண்ணுக்குத் தெரியாது, படத்தில் வெளிறிய திரையாகத் தெரியும். இதற்குள் ஃபில்டரின் பின்பக்கமும் நனைந்திருக்கும். பிடிப்பானுக்கும் லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஈரக்காற்று புகும். குளிரில் முகத்தை நெருக்கி ஃபில்டரை ஏற்றி இறக்கும்போது நம் மூச்சுக்காற்றே போதும், பனி படர்ந்துவிடும். உருவி, இருபுறமும் துடைத்து, திரும்பச் செருகி, இருளும் தெளிவும் சந்திக்கும் கோட்டைச் சரிபார்த்து நிமிர்ந்தால் மேகம் மூடியிருக்கும்.

ரெசின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபில்டருக்கு இன்னொரு நோயும் உண்டு. காற்றோடு வரும் நுண்மணல் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் துணி போனால் கீறல். ஒவ்வொரு ஈரமான மாலையும் அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு போடும். எதிர்வெயிலில் அந்தக் கோடுகள் எல்லாம் ஒளிரும். கண்ணாடி ஃபில்டர் கீறலைத் தாங்கும். விறைத்த விரல்களிலிருந்து நழுவிப் பாறையில் விழுவதைத் தாங்காது. வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடியாது. ஈர உறையிலேயே விட்டால் நீர்த்தடம் காய்ந்து ஒட்டிவிடும். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி உலர்த்த வேண்டும், உறையையும் சேர்த்து. இத்தனை பராமரிப்பும் செய்து பிறகு விற்கப் போனால், வாங்க வருபவர் முதலில் செய்வது அதை விளக்குக்கு எதிரே சாய்த்துக் கீறல் பார்ப்பதுதான்.

தண்ணீருக்கு அடுத்தபடியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். புயல் வானிலையில் பல நேரங்களில் வானம்தான் இருட்டு. நமக்குப் பின்னால் மேகம் விலகி, எதிர்ச்சரிவில் வெயில் விழும். அதற்குப் பின்னால் கருமேகம் சுவர்போல நிற்கும். அப்படியொரு காட்சியில் ஃபில்டர் உதவாதது மட்டுமல்ல, கெடுத்தும் விடும். கருமேகத்தை இன்னும் கருக்கிக் காட்சியையே செயற்கையாக்கிவிடும். கழற்ற வேண்டும். சிறிது நேரத்தில் வெளிச்சம் இடம் மாறினால் மறுபடி மாட்ட வேண்டும். பிராக்கெட்டிங்குக்கு இந்தக் கவலை இல்லை. வானம் வெளுப்போ கருப்போ, கேமராவில் செய்யும் வேலை ஒன்றே.

பிராக்கெட்டிங் குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. மூன்று படங்களுக்கு நடுவே உலகம் நகர்கிறது. பகல் வெளிச்சத்தில் மூன்றும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்தி மங்கியபின் கடைசிப் படம் மட்டுமே ஒரு நொடி, இரண்டு நொடி கேட்கும். அதற்குள் புல் ஆடும், மூடுபனி ஒரு முகட்டை விழுங்கியிருக்கும். இதை மென்பொருளின் தானியங்கி இணைப்பிடம் கொடுத்தால் இரட்டை விளிம்புகளும் பேய் நிழல்களும் வரும். நான் அப்படிச் செய்வதில்லை. தரைக்கு ஒரு படம், வானத்துக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு கையால் மாஸ்க் போட்டு, அதாவது வேண்டாத பகுதியை மறைத்து, இணைக்கிறேன். இணைப்புக்கோடு மூடுபனிக்குள் விழும்படி பார்த்துக்கொண்டால் போதும். பனிக்கு விளிம்பு இல்லாததால் தையல் தெரியாது. ஒரு படத்தில் இருக்கும் முகடு மற்றொன்றில் இல்லை என்றால் இணைக்கவே மாட்டேன். நடக்காத வானிலையை உருவாக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

நடைமுறையில் பெரும்பாலும் இணைக்கவே வேண்டியிருக்காது. மூடுபனி தானாகவே வெளிச்ச வித்தியாசத்தைக் குறைத்துவிடும். நிழல்கள் சாம்பலாகும், வானமும் சாம்பலாகும். வானம் வெளுக்காத அளவுக்குக் குறைத்து எடுத்த ஒரே ரா கோப்பு போதுமானதாக இருக்கும். மற்ற இரண்டும் காப்பீடு. ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான கேமராக்கள் அதை ஜேபெக் முன்தோற்றத்திலிருந்து வரைகின்றன. அது வலப்பக்கம், அதாவது வெளுப்புப் பக்கம், லேசாக முட்டினாலும் ரா கோப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை நம்பி நான் சற்றுத் துணிந்து எடுப்பதுண்டு.

இந்த வாதம் செல்லாத இடங்களும் இருக்கின்றன. ஃபிலிமில் எடுப்பவருக்கு நான் சொன்னதில் பாதி பொருந்தாது. அவருக்கு ஃபில்டர் இன்றும் துணைதான். பல படங்களை இணைப்பதை அனுமதிக்காத போட்டிகளும் உண்டு. அனுப்புமுன் விதிகளைப் படித்துவிட வேண்டும். ஓடும் மேகத்தை நெடுநேர எக்ஸ்போஷரில் இழுத்துக் காட்டும் படங்கள் என் பாணி அல்ல. அவற்றை நிறைய எடுப்பவருக்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் கரு ஃபில்டருக்காகப் பிடிப்பான் எப்படியும் தேவைப்படும். அவர் கூடவே ஒரு கிராஜுவேட்டட் ஃபில்டரைச் செருகிக்கொள்வதில் கூடுதல் சிரமம் எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். போலரைசரை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நனைந்த பாறையிலும் இலையிலும் மினுங்கும் பளபளப்பை அது நீக்குவதுபோல் எந்த மென்பொருளும் நீக்காது. திருகி மாட்டும் வகை என்பதால் மெல்லியதாக இருந்தால் ஹுட்டையும் மேலே பொருத்திக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஃபில்டர் வைத்திருப்பவர் அவசரப்பட்டு விற்க வேண்டாம். மெதுவாகக் கரையும் 0.6 ஒன்றை மட்டும் பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பிடிப்பானை வீட்டில் விட்டுவிடலாம். தூறல் இல்லாத இடைவெளியில், கேமரா முக்காலியில் இருக்கும்போது, அதைக் கையாலேயே லென்ஸுக்கு முன் பிடித்து ஒரு படம் எடுக்கலாம். படம் எடுக்கும்போது லேசாக மேலும் கீழும் அசைத்தால் கோடும் மறைந்துவிடும்; ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.