அம்பாசிடர் முன்சக்கரத்துக்கு நூலா, கம்ப்யூட்டரா?

அப்பா ஓட்டிய மார்க் 4 அம்பாசிடர் இப்போது என்னிடம் இருக்கிறது. போன ஆடிக் காற்றில் வள்ளியூர் தாண்டிப் பணகுடிப் பக்கம் போகையில் வண்டி நேராக ஓடவில்லை. ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தால் முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு ரம்பப் பல்லாகத் தேய்ந்திருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தை மெஷினில் அளந்து திருத்துவது) செய்து, எண்கள் எல்லாம் பச்சையில் இருந்த தாளையும் வாங்கி வந்திருந்தேன்.

கம்ப்யூட்டரின் நல்லது எல்லாருக்கும் தெரிந்ததே: அரை மணியில் வேலை முடியும், கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளோ வெளியோ சாய்வது), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்வது), டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது) மூன்றும் தாளில் வரும். ஆனால் அம்பாசிடரில் கேம்பரையும் காஸ்டரையும் திருகிச் சரிசெய்ய இடமே கிடையாது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் டோ மட்டும்தான் மாறும். மற்ற இரண்டும் தப்பாக வந்தால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் வளைந்திருக்கும், மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் மாதிரி முறுகி வண்டியைத் தாங்கும் டார்ஷன் பார் தளர்ந்து வண்டி அமுங்கியிருக்கும்.

மெஷினில் அளப்பதா, வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி டேப்பால் அளப்பதா என்ற என் கேள்விக்கு விடை இந்தத் தேய்மானத்தில்தான் கிடைத்தது. மேலப்பாளையத்தில் பழைய வண்டி பார்க்கும் அண்ணாச்சி, நூலைக் கையில் எடுக்கும் முன்பே ஜாக்கி போட்டுவிட்டார். “ஆட்டத்த எடுக்காம நூல் புடிச்சு என்ன செய்ய தம்பி?” என்றார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார்; ஆட்டம் இருந்தது. என்னை பிரேக் மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் பின்னும் புஷ்ஷும். எனக்குப் பேரிங்தான். பிறகு இடமும் வலமும் பிடித்து அசைத்தபோது வலது டை ராடு எண்ட் (டை ராடின் முனை மூட்டு) போயிருந்தது தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருக்கும்போது எந்த மெஷின் வைத்த அளவும் அடுத்த வேகத்தடை வரைக்கும்தான்.

அடுத்தது உயரம். சமதரையில் இரண்டு பக்க மட்கார்டையும் அளந்தோம். வலது பக்கம் 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. வண்டியின் எடையை ஜாக்கியில் ஏற்றி, டார்ஷன் பாரின் பின்முனையில் சரிசெய்து, இறக்கி, உருட்டி, திரும்ப அளந்தோம். அரை நாள் போனது. உயரம் மாறினால் டோவும் மாறிவிடும். அதனால் உயரத்தை முடித்துவிட்டுத்தான் நூல் கட்ட வேண்டும்.

நூல் பிடிக்க நெல் காயப்போடும் சிமென்ட் களம் போதும். கொத்தனார் நூலை இரண்டு பக்கமும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இழுத்துக் கட்டுகிறோம். முன் அச்சும் பின் அச்சும் ஒரே அகலமில்லை, ஆகவே நூலைப் பின்டயரில் ஒட்டவைத்து நீட்டினால் கணக்குத் தப்பும். ரிம்மில் சாக்பீஸ் குறி வைத்து முன்பக்கம் அளந்து, சக்கரம் பாதிச் சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டி, அதே குறியைப் பின்பக்கம் அளக்கிறோம். ரிம் லேசாக வளைந்திருந்தாலும் அளவு கெடாது. டை ராடு இரண்டையும் சம அளவு திருக வேண்டும்; ஒன்றை மட்டும் திருகினால் ஸ்டீயரிங் கோணலாகிவிடும். எங்கள் வண்டிக்கு முன்பக்கம் 2 மில்லிமீட்டர் உள்வாங்க வைத்தோம். 15 அங்குல ரிம்மில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஆறரை மில்லிமீட்டர். அதனால் டேப்பைக் கவனமாகப் பிடித்தால் இந்த அளவு கண்ணுக்குத் தெரியும்.

நான் நூல் பக்கம் சாய்வதற்குப் பராமரிப்புதான் காரணம். இந்த வண்டியின் முன்பக்கத்துக்கு அடிக்கடி கிரீஸ் வைக்க வேண்டும். வைக்கும் நாளிலேயே தம்பியை டேப் பிடிக்கச் சொல்லி நானே அளந்துவிடுகிறேன். அளவு நகர்ந்திருந்தால் ஏதோ தேய்கிறது என்று டயர் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. மாதாமாதம் மெஷினுக்கு யார் போவார்கள்?

ஆனாலும் பள்ளத்தில் பலமாக அடிபட்டாலோ, நூல் பிடித்த பிறகும் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ நான் மெஷினுக்குத்தான் போவேன். வளைந்த ஆர்மை நூல் காட்டாது. என் அனுபவமும் ஒரே வண்டியில், ஒரு வருடத்துக்கும் குறைவு. சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போய் வருவதில் இதுவரை டயர் சீராகத் தேய்கிறது, முழு ஆயுளும் ஓடிய பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். கார் பருவத்து நெல் அறுவடைக்கு வந்துவிட்டால் களம் கிடைக்காது, அதற்குள் இன்னொரு முறை நூல் கட்டிப் பார்த்துவிட வேண்டும்.