தலையில் அடிபட்டால் எதைப் பார்ப்பது: ஜி.எஃப்.ஏ.பி.யா, என்.எஃப்.எல்.லா?

இலங்கையில், அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சித்தி கொழுந்துக் கூடையோடு வழுக்கி, பின்மண்டையைக் கல்லில் அடித்துக்கொண்டார். ஒரு வாரம் தலைசுற்றல். அப்புறம் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆறு மாதம் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் தன் நம்பரையே மறந்து நின்றாராம்.

இப்படி அடிபட்டால் மூளைக்கு என்ன ஆனது என்று இரத்தத்தில் பார்க்க இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஜி.எஃப்.ஏ.பி. மூளையின் துணைச் செல்களிலிருந்து வரும் புரதம். அடிபட்ட ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்தில் தெரியும். சுமார் ஒரு நாளில் உச்சம் தொடும். சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க, இதையும் இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி தந்தது. அன்றைய அவசரத்துக்கு இதுதான் சரி.

என்.எஃப்.எல். நரம்பிழைக்கு உள்ளே தாங்கும் சட்டகம்போல இருக்கும் புரதம். இழை சிதைந்தால் இரத்தத்தில் கசியும். மெல்ல, நாள்கணக்கில் ஏறும். கடுமையான காயம் என்றால் ஆண்டுக்கணக்கிலும் முழுதாக இறங்காது. அப்படி நிற்பவர்களிடம் மூளைச் சுருக்கமும் சேர்ந்தே தெரிகிறது. ஆனால் அல்சைமரிலும் ஏறும், வேறு நரம்பு நோய்களிலும் ஏறும், வயது போனாலும் ஏறும். எந்த நோய் என்று அது சொல்லாது.

சித்திக்கு நான் கேட்பது என்.எஃப்.எல்.தான். அதையும் ஒருமுறை எடுத்துவிட்டு விடக்கூடாது. இடைவெளி விட்டுத் திரும்ப எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.