500 பெல்லட், கொஞ்சம் நசுங்கிய பாவாடை

என் ஏர் ரைஃபிளுக்கு 4.5 மி.மீ. மேட்ச் பெல்லட் (போட்டிக்கான சின்ன ஈயக் குண்டு) ஒரு டப்பா ஆர்டர் போட்டேன். தட்டைத் தலை, 500 எண்ணிக்கை. வேளச்சேரி வீட்டுக்குக் கூரியரில் வந்தது. கடை பெயர் வேண்டாம்.

வெள்ளைத் துணியில் கொட்டி ஒவ்வொன்றாகப் பின்பக்கத்தைப் பார்த்தேன். உள்ளே குடைந்த பாவாடை மாதிரி இருக்கும். காற்றழுத்தத்தில் விரிந்து, பேரலுக்குள் (துப்பாக்கிக் குழல்) குண்டைச் சுழற்றும் வரிகளைப் பிடிப்பது அதுதான். முதல் 100-ல் 11 நசுங்கல். ஈயம் மெத்தென்றது, டப்பா ஒரு தடவை கீழே விழுந்தாலே போதும். (கை கழுவாமல் டிபன் பக்கம் போகாதீர்கள்.)

சும்மா விடவில்லை. நல்லதில் 10, நசுங்கியதில் 10, ரைஃபிளை மணல் மூட்டையில் வைத்து 10 மீட்டரில் சுட்டேன். நல்லவை சட்டைப் பொத்தான் அளவுக்குள் அடங்கின. நசுங்கியவை 8, 7 புள்ளி வளையங்களில் ஊர்வலம். இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியே அரை மி.மீ. தானே!

பேரலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது பின்பக்கம். அது கோணலானால் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டு பெல்லட்டைச் சாய்த்துவிடும். வெடிமருந்தில் சுடும் பெரிய ரைஃபிள்காரர்கள் படகு வால் (பின்பக்கம் குறுகும்) குண்டா, தட்டை அடியா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். அங்கேயும் அடிப்பாகம் சமச்சீராக இருப்பதுதான் முதல் கணக்கு. படகு வாலின் லாபம் தூரம் போனால்தான் தெரியும், 10 மீட்டரில் நமக்கு எதற்கு?

கடைக்குப் போன் போட்டால், "ஈயம்னா அப்படித்தான் சார்." பெல்லட்டுக்கு 4 ஸ்டார், பேக்கிங்குக்கு 1. பொறுக்கிப் போட்டவை பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன.