மூன்று கொட்டேஷன், ஒரே ஆள்: சாலைக்குப் பணம் கேட்டு வருகிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் "சாலை போடப் போகிறோம், வீட்டுக்கு இவ்வளவு" என்று ரசீதுப் புத்தகத்தோடு வந்து நின்றால், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். ஒப்பந்ததாரரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? "மூன்று கொட்டேஷன் வாங்கினோம், குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்தோம்" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எங்களுக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது.

கோவைக்குக் கிழக்கே, ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் மனைப்பிரிவு எங்களுடையது. 84 வீடுகள். மனை விற்றவர் போட்டுக் கொடுத்த தார்ச்சாலை எப்போதோ ஜல்லியாகிவிட்டது. ஊராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். கடைசியில் சங்கமே பேவர் பிளாக் எனும் கான்கிரீட் கற்களைப் பதித்துச் சாலை போடுவதென்று முடிவானது. மொத்தப் பரப்பு 42,000 சதுர அடி, சதுர அடிக்கு 90 ரூபாய், ஆக 37 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். வீட்டுக்கு 45,000. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர்களும் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் உண்டு.

ஒரு வடகிழக்குப் பருவமழையைக்கூட அந்தச் சாலை தாங்கவில்லை. குடிநீர் லாரி வந்துபோகும் தடத்தில் இரண்டு சக்கரங்களுக்கும் இரண்டு வாய்க்கால்கள் விழுந்தன. நடுவில் கற்கள் தூக்கிக்கொண்டு நிற்க, இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே கொட்டி நிரவியதால் சாலை உயர்ந்து வாசற்படிகள் தாழ்ந்துவிட்டன. தெருக்கோடியில் உள்ள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அரசுச் சாலைகளைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தியதே, மழைநீர் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதற்காகத்தான். எங்கள் பணத்தில் போட்ட சாலைக்கு அந்த அக்கறை காட்ட ஒருவரும் இல்லை.

ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுக் காட்டினால், "அடியில் இருப்பது கரிசல் மண், சார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார்.

அடியில் இருப்பது கரிசல் மண் என்பதை இவருக்கு முன்பே ஒருவர் சொன்னார். ஓர் உறுப்பினர் தனக்குத் தெரிந்த ஒப்பந்ததாரர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவர் வந்தவுடன் விலை சொல்லவில்லை. கடப்பாரை கேட்டு வாங்கி, சாலை ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இது மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். கிராவல் மண் ஒரு அடுக்கு, வெட்மிக்ஸ், அதாவது தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை, ஒரு அடுக்கு, இரண்டையும் தனித்தனியாக ரோலர் ஓட்டி இறுக்காமல் கல் பதித்தால் நிற்காது" என்றார். அவர் எழுதிக் கொடுத்த விலை சதுர அடிக்கு 128 ரூபாய். கூட்டத்தில் அந்தத் தாளைப் படித்தபோது சிரிப்பு எழுந்தது. "90 ரூபாய்க்கு ஆள் இருக்கும்போது இவருக்கு எதற்கு 128?" என்று செயலாளர் கேட்டார், பேச்சு முடிந்தது. 128 ரூபாய்த் தாளில் என்னென்ன இருந்தன, 90 ரூபாய்த் தாளில் என்னென்ன இல்லை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னவர்களுக்கு "வேலையைக் கெடுக்கிறவர்கள்" என்ற பட்டம்தான் மிச்சம்.

90 ரூபாய்த் தாளில் இருந்தது மொத்தம் நான்கு வரி. "ஹெவி டியூட்டி பேவர் பிளாக் பதித்தல், தரை நிரவல் உட்பட." கல்லின் கனம் எவ்வளவு, அடியில் எத்தனை அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் எத்தனை அங்குலம், ஓரம் நகராமல் பிடிக்கும் கெர்ப் கல் உண்டா என்று ஒரு சொல் கிடையாது. எத்தனை காரட் என்று சொல்லாமல் நகைக்கு விலை பேசுவது போன்றது இது. ஆளுக்கு ஒரு சாலையை மனதில் வைத்து விலை எழுதினால், அதில் எது குறைந்த விலை என்று யாரால் சொல்ல முடியும்?

சாலை இறங்கிய பிறகுதான் சங்கக் கோப்பைப் பார்க்கக் கிடைத்தது. 90, 97, 104 என்று மூன்று கொட்டேஷன்கள், மூன்று லெட்டர்பேடுகள். மூன்றிலும் "தரை நிரவல்" என்பது "தரை நிறவல்" என்று இருந்தது. ஒருவர் பிழை செய்யலாம். மூன்று நிறுவனங்கள் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்யுமா? அடுத்து ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தேன். இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஜிஎஸ்டி எண்ணில் 15 இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அதை அடுத்து வரும் பத்தும் உரிமையாளரின் பான் எண். பதின்மூன்றாவது இலக்கம், அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். எங்கள் கோப்பில் 90 ரூபாய்க்காரருக்கும் 97 ரூபாய்க்காரருக்கும் நடுவில் வரும் பத்து எழுத்துகளும் ஒன்றே. ஒன்றில் பதின்மூன்றாவது இடத்தில் 1, மற்றதில் 2. கடையின் பெயர்தான் வேறு. 104 ரூபாய்த் தாளில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு செய்தவரின் பெயர் இலவசமாகத் தெரியும். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வேலை எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி எங்கள் காவலாளியின் நோட்டு. வாசலில் நுழையும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நேரத்தையும் எழுதும் பழக்கம் அவருக்கு. வெட்மிக்ஸ் அரை அடி கனத்துக்குப் போட்டதாக ஒப்பந்ததாரர் சாதித்தார். 42,000 சதுர அடிக்கு அரை அடி என்றால் 21,000 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி, ஆக 210 யூனிட். அதுவும் ரோலர் ஓட்டி இறுகிய பின் உள்ள அளவு, கொட்டும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். வந்தவை தலா மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் லாரிகள். குறைந்தது 70 நடை வந்திருக்க வேண்டும். நோட்டில் இருந்தது 31. காவலாளி பெரியவரிடம் கேட்டால், "நான் தூங்கியிருந்தால் வண்டி எப்படி உள்ளே வரும்? கேட்டைத் திறந்ததே நான்தானே" என்றார். அதற்கு மேல் யாரும் அவரிடம் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

கல்லையும் பார்த்துவிட்டோம். ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒன்றை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து டேப் வைத்தால் 60 மில்லிமீட்டர். பேவர் பிளாக்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15658. அது இலேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர், எம்-35 தரம் என்றும், நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டர், எம்-40 தரம் என்றும் பரிந்துரைக்கிறது (எம் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்). 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். கூட்டத்தில் வாய்ப்பேச்சாக 80 என்றுதான் சொன்னார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறவில்லை, கொட்டேஷனிலும் இல்லை. "ஹெவி டியூட்டி என்றுதானே எழுதினேன், 80 என்று எங்கே எழுதினேன்?" என்று ஒப்பந்ததாரர் இப்போது கேட்பதற்கு இதுதான் துணிச்சல்.

பில் விஷயம் இன்னொரு கூத்து. இத்தகைய தனியார் பணிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் வேண்டாம் என்றால் அது உங்களுக்கு மிச்சம்" என்று பேசி, பெரும்பகுதியை ரொக்கமாகவே வாங்கியிருக்கிறார். ஒரே வேலைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். 50 லட்சம் வரை கொடுத்துப் பெற்ற சேவை அங்கே வரும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அவர் கேட்ட முதல் இரண்டு பொருள்கள் பில்லும் ஒப்பந்தமும். எங்களிடம் இருப்பது ஒரு நான்கு வரித் தாள்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்று. தமிழ்நாட்டில் "நமக்கு நாமே திட்டம்" என்று ஒன்று இருக்கிறது. 1997-98-இல் தொடங்கி, 2021-இல் மீண்டும் உயிர்பெற்றது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு கொடுக்கும். சாலைகள் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், மதிப்பீடும் ஒப்புதலும் அவர்கள் வழியே நடக்க வேண்டும். காத்திருப்பு உண்டு, அலைச்சலும் உண்டு, கிடைக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கிடைத்திருந்தால் எங்கள் வீட்டுக்கு 45,000 அல்ல, 15,000. அரசுப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகே பணம் போகும். இதைக் கூட்டத்தில் எழுப்பியபோது "ஆபீஸ் ஆபீஸாக யார் அலைவது?" என்று ஒரே வார்த்தையில் மூடிவிட்டார்கள்.

அரசு டெண்டரிலும் ஊழல் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லாமலா? ஆனாலும் தமிழ்நாட்டில் 1998-இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. விளம்பரம் செய்ய வேண்டும், 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கும் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், எந்த அளவுகோலில் தேர்வு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், வந்த ஒப்பந்தப்புள்ளிகளை, கொடுத்தவர்கள் அறியத் திறக்க வேண்டும். நலச் சங்கத்தை இந்தச் சட்டம் கட்டாது. அதே ஒழுங்கைத் தானாகக் கடைப்பிடிக்க யார் தடுத்தார்கள்? ஒப்பந்ததாரரோடு எந்த உறவும் இல்லாத ஒரு பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து, மண்ணைப் பார்த்து, அடுக்கு அடுக்காகக் கனத்தோடு ஒரு பட்டியல் எழுதச் சொல்ல வேண்டும். விலை கேட்கும் எல்லோருக்கும் அந்த ஒரே பட்டியல் போக வேண்டும், அவர்கள் விலையை மட்டும் நிரப்பி ஒட்டிய உறையில் தர வேண்டும். முந்தைய இரண்டு வேலைகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். அடி அடுக்கு மூடப்படும் முன் படம் எடுத்து, அளந்து, அதற்குரிய தவணையை மட்டும் வங்கி வழியே கொடுத்து, கடைசி 5 அல்லது 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைக்க வேண்டும். பொறியாளர் கட்டணம் வீணென்று யாராவது சொன்னால், அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் யார் செலவில் கல் பதித்தார்கள் என்று விசாரியுங்கள். எங்கள் நிர்வாகி ஒருவர் வீட்டில் அதே கல், அதே வாரம் பதிக்கப்பட்டது. அதற்கான ரசீதை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அடுத்த கட்டமாக இரண்டு குறுக்குத் தெருக்களுக்கும் வசூல் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஒப்பந்ததாரர் யார் என்று அதில் இல்லை, "ஏற்கெனவே பணி செய்தவருக்கே முன்னுரிமை" என்று மட்டும் இருக்கிறது. பதிவு பெற்ற சங்கத்தில் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். எங்களுக்கு 28 பேர் வேண்டும். மூன்று லெட்டர்பேடுகளின் நகலையும் காவலாளி நோட்டின் பக்கங்களையும் இணைத்து மனு தயாராகிவிட்டது. 19 கையெழுத்து ஆகியிருக்கிறது. இதைப் படிக்கும் எங்கள் மனைப்பிரிவுக்காரர்கள், ஞாயிறு காலை பிள்ளையார் கோவில் திண்ணைக்கு வந்து மீதியைப் போட்டுவிட்டுப் போங்கள்.