எச்-1பி நேர்காணலுக்குச் செல்பவர்களுக்கு: உங்கள் டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தைக் கன்சல்டன்சியின் கையில் விடாதீர்கள்

2023 செப்டம்பர் மாதத்தில், சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு எச்-1பி வேலை விசா நேர்காணலுக்காகச் சென்றிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரி, ஹைதராபாத்தில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அங்கே மூன்று ஆண்டுகள் நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். அந்த நிறுவனத்தில் நான் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அதன் பெயரையே அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஆனால் அவருடைய கணினித் திரையில், என் புகைப்படத்தோடும் என் மின்னணுக் கையொப்பத்தோடும் இருந்த விண்ணப்பத்தில் அது எழுதப்பட்டிருந்தது.

எழுதியது நான் அல்ல. 4,20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் விசா வேலைகள் அனைத்தையும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட ஒரு கன்சல்டன்சி அதை எழுதியது. நான் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் அவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதுகிறேன், ஏனெனில் இதே வழியில் பிழைப்பு நடத்துபவர்கள் அவர்கள் மட்டும் அல்ல.

நான் திருநெல்வேலியில் மூன்றாண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவன். அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் நான்காண்டுப் படிப்பு. குறைகிற ஓராண்டுப் படிப்புக்கு ஈடாக அதே துறையில் மூன்றாண்டு அனுபவத்தைக் காட்டலாம் என்று எச்-1பி விதிகள் சொல்கின்றன. எனக்கு மென்பொருள் சோதனையில் ஆறாண்டு அனுபவம் இருந்தது. சம்பளச் சீட்டுகள், பி.எஃப். கணக்கு, பணிவிடுப்புக் கடிதங்கள் அனைத்தும் சரியாக இருந்தன. அதாவது எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. இருந்தும் சொன்னார்கள். ஒன்பதாண்டு அனுபவம் என்று காட்டினால்தான் அங்குள்ள வாடிக்கையாளர் நிறுவனங்களிடம் என்னை அதிக மணிக்கூலிக்கு அனுப்ப முடியும் என்பதே காரணம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தொடக்கம் 2022 டிசம்பரில். அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் அந்தக் கன்சல்டன்சிக்குப் போனேன். எச்-1பி விசாவுக்கு முதலில் ஓர் அமெரிக்க நிறுவனம் நம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்; குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் அந்த நிறுவனம் நமக்காக மனுச் செய்ய முடியும். அதன் நிர்வாகி மிகுந்த கனிவோடு பேசினார். "தம்பி, ஒரு கம்பெனி மட்டும் போட்டால் குலுக்கலில் உங்கள் பெயர் விழுமா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்காக மூன்று கம்பெனி போடுவார்கள், வாய்ப்பு மூன்று மடங்கு" என்றார். ஒரு பதிவுக்கு 40,000 ரூபாய் வீதம் 1,20,000 ரூபாய் கேட்டார். ஒரு பதிவுக்கு அமெரிக்க அரசு அப்போது வசூலித்த கட்டணம் 10 டாலர். மூன்று பதிவுக்கும் சேர்த்து 2,500 ரூபாய்கூட ஆகியிருக்காது, அதையும் செலுத்த வேண்டியவர் வேலை கொடுப்பவர்தான். இதைத் தேடிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் எனக்கே தெரிந்திருக்கும். நான் தேடவில்லை.

ஆண்டுக்கு 85,000 இடங்கள்தான். அதில் 20,000 அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு. 2023 மார்ச்சில் அந்த இடங்களுக்கு 7,80,884 பதிவுகள் வந்தன என்றும், அவற்றில் 4,08,891 பதிவுகள் ஒரே நபருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் செய்தவை என்றும் யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியேற்றச் சேவைத் துறையே அறிவித்தது. நிறுவனங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு ஒருவரைப் பலமுறை பதிவு செய்வது மோசடி என்று அது விசாரணையும் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல், எத்தனை நிறுவனங்கள் பதிவு செய்தாலும் அதனால் ஒருவருடைய வாய்ப்பு கூடாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். ஆகவே "மூன்று கம்பெனி போடுகிறோம்" என்று இன்று யாராவது உங்களிடம் சொன்னால், அங்கிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

மீதி 3,00,000 ரூபாயை மனுக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்று பிரித்துப் பிரித்து வாங்கினார்கள். அம்மாவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் கட்டினேன். எச்-1பி மனுவுக்கான அரசுக் கட்டணங்களையும் அதைத் தாக்கல் செய்யும் வழக்கறிஞரின் கட்டணத்தையும் வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும், ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதி. இது தெரியாமல் ஒவ்வொரு தவணைக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பணத்தோடு, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு காசோலைகளையும், சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி என் அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மனு ஏற்கப்பட்டு ஐ-797 ஒப்புதல் அறிவிப்பு வந்தபோது அதன் நகலை மட்டும் கொடுத்தார்கள். மனுவின் முழு நகலைக் கேட்டேன். அது கம்பெனியின் ரகசிய ஆவணம் என்றார்கள். ஒப்புதல் வந்துவிட்ட மகிழ்ச்சியில் நானும் வற்புறுத்தவில்லை. ஹைதராபாத் நிறுவனத்தின் பெயரில் போலியாகத் தயாரித்த அனுபவச் சான்றிதழ் அந்த மனுவிலேயே இணைக்கப்பட்டிருந்தது.

இனி டிஎஸ்-160 படிவம். இதை எல்லோரும் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். இது விசா விண்ணப்பம், இணையத்தில் நிரப்புவது. இதைத் தொடங்கும்போது ஒரு விண்ணப்ப எண் கிடைக்கும், ஒரு பாதுகாப்புக் கேள்விக்கு விடை பதிய வேண்டும். அந்த எண்ணும் விடையும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் படிவத்தைத் திறந்து பார்க்க முடியும். என் படிவத்தைக் கன்சல்டன்சியின் மின்னஞ்சலில், அவர்களே தேர்ந்தெடுத்த கேள்வியோடு நிரப்பினார்கள். எனக்குத் தந்தது பட்டைக்குறியீடு உள்ள உறுதிப்படுத்தல் பக்கம் மட்டுமே. அதில் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் போன்றவைதான் இருக்கும். எங்கே படித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள் என்ற விவரம் எதுவும் இருக்காது. அந்தத் தாளைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பினேன். படிவத்தைப் பிறர் நிரப்பித் தரலாம். அது குற்றம் அல்ல. ஆனால் இறுதியில் கையொப்பமிட்டுச் சமர்ப்பிக்கும் பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும் என்றும், நிரப்ப உதவியவர் யார் என்பதைப் படிவத்திலேயே சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. என் படிவத்தில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று விடை தந்திருந்தார்கள். பொத்தானையும் அவர்களே அழுத்தியிருந்தார்கள்.

நேர்காணல் தேதியை முன்கூட்டியே வாங்கித் தருவதாகச் சொல்லி மேலும் 25,000 ரூபாய் கேட்டபோது மட்டும் நான் மறுத்துவிட்டேன். அப்படிப் பணம் கொடுத்துத் தேதி வாங்குவதும் ஆபத்தானது. தானியங்கி மென்பொருள் கொண்டு எடுக்கப்பட்ட சுமார் 2,000 நேர்காணல் பதிவுகளை அமெரிக்கத் தூதரகம் 2025 மார்ச்சில் மொத்தமாக ரத்து செய்தது நினைவிருக்கலாம். 205 டாலர் விசாக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் தேதி கிடைக்கத்தான் செய்கிறது.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் பயிற்சி என்ற பெயரில் ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சம்பளம், வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயர், செய்யப்போகும் வேலை எல்லாம் அதில் இருந்தன. பணம் கொடுத்தீர்களா என்று கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. ஹைதராபாத் நிறுவனத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. அவர்களுடைய வேறொரு விண்ணப்பதாரரின் தாளில் அது இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். பலருக்கும் ஒரே பொய்யை ஒட்டி அனுப்பும் இடத்தில் இப்படி விடுபட்டுப் போவது இயல்புதான்.

கைரேகையும் புகைப்படமும் முதல் நாளே வேறு மையத்தில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை கைப்பேசியும் பையும் இல்லாமல், ஆவண உறையோடு மட்டும் வரிசையில் நின்றேன். உள்ளே எவரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. அதிகாரி முதலில் விரல்களைக் கருவியில் வைக்கச் சொல்லி, விண்ணப்பத்தில் உள்ளவையும் இனி சொல்லப்போகிறவையும் உண்மை என்று உறுதி கூறச் சொன்னார். கூறினேன். பிறகு, வெளிநாட்டுத் தொழிலாளர்களின் உரிமைகளை விளக்கும் கையேட்டைப் படித்தீர்களா என்று கேட்டார். 2008ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டப்படி வேலை விசாவுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கையேட்டைத் தந்தாக வேண்டும். இதன் பின்புதான் ஹைதராபாத் நிறுவனத்தைப் பற்றிய கேள்வி வந்தது.

சில நொடிகள் எனக்குப் பேச்சே வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்ற எண்ணம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை; நகை வங்கியில் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. "அங்கே நான் வேலை பார்த்ததில்லை" என்றேன். "அப்படியானால் இந்தப் படிவத்தை நிரப்பியது யார்?" என்று கேட்டார். ஒரு கன்சல்டன்சி என்றேன். "உதவி எதுவும் பெறவில்லை என்று இதில் இருக்கிறதே" என்றார். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம், கொடுத்த பணம் உட்பட, உண்மையைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் தட்டச்சு செய்தார். பிறகு 221(ஜி) என்று குறித்த ஒரு தாளையும் என் கடவுச்சீட்டையும் திருப்பிக் கொடுத்தார்.

221(ஜி) என்பது மேலும் ஆய்வு தேவை என்பதற்கான நிறுத்தம். விசா நிலையைக் காட்டும் தளத்தில் அது "மறுக்கப்பட்டது" என்றே தெரியும். அதைக் கண்டு பலர் மனம் உடைந்துபோகிறார்கள். ஆவணம் கொடுத்த பின் விசா கிடைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. என் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் மனு யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ரத்து செய்ய உத்தேசித்து அனுப்பிய அறிவிப்புக்கு, எனக்காக மனுச் செய்த அமெரிக்க நிறுவனம் பதில் தரவில்லை. மே மாதம் மனு ரத்தானது.

கன்சல்டன்சிக்காரர்களிடம் போனபோது, முன்பு இருந்த கனிவு துளியும் இல்லை. "ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று நீங்கள் விமானத்தில் இருந்திருப்பீர்கள். காரியத்தைக் கெடுத்தது நீங்கள்தான்" என்றார் நிர்வாகி. சான்றிதழ்களைத் திருப்பித் தர 1,50,000 ரூபாய் கேட்டார். கொடுக்காவிட்டால் காசோலையில் தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணம் இல்லை என்று திரும்பியதும் வழக்குத் தொடுப்பேன் என்றும் மிரட்டினார்.

ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கட்டணம் கட்டி ஆலோசனை கேட்டேன். விசாவுக்காகத் தெரிந்தே பொய் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால் 212(ஏ)(6)(சி)(ஐ) என்ற பிரிவின் கீழ் வாழ்நாள் முழுவதற்கும் தடை வரலாம் என்றும், முதல் வாய்ப்பிலேயே தானாக உண்மையைச் சொன்னவர்களுக்கு அந்தப் பிரிவிலிருந்து விலக்கு பெற வழி இருக்கிறது என்றும் அவர் விளக்கினார். அந்தத் தடை இதுவரை என் மேல் பதிவாகவில்லை. அதே கன்சல்டன்சி வழியாகப் போன இன்னொரு இளைஞர் "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறார். மேலாளரின் பெயரைக் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு அந்தத் தடை வந்துவிட்டது. இனி அவர் சுற்றுலாவுக்குப் போவதற்குக்கூட, அவர்கள் தர விரும்பினால் மட்டுமே கிடைக்கும் தனி விலக்கை நம்பியிருக்க வேண்டும். அவருக்கு வயது இருபத்தைந்து. கன்சல்டன்சிக்கு எந்தத் தடையும் இல்லை.

இப்போது இந்த வழியில் இருப்பவர்கள், நேர்காணல் தேதி எவ்வளவு நெருங்கியிருந்தாலும், விண்ணப்ப எண்ணையும் பாதுகாப்பு விடையையும் கேட்டு வாங்கி, டிஎஸ்-160 முழுவதையும் வரிவரியாகப் படியுங்கள். தர மறுத்தால், அல்லது ஒரு வரி தவறாக இருந்தால், நீங்களே புதிய படிவம் நிரப்பி நேர்காணல் பதிவில் அதன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். தேதி தள்ளிப்போனாலும் பாதகமில்லை. மனுவின் முழு நகலையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பணம் கொடுத்தாக வேண்டிய நிலையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நான் 4,20,000 ரூபாயில் 2,60,000 ரூபாயை வங்கி வழியாகச் செலுத்தியிருந்தேன். என் புகாரில் இன்று உறுதியாக நிற்பது அந்தத் தொகை மட்டும்தான். இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. நான் போன கன்சல்டன்சியின் பெயர் அதில் இல்லை.

புகாரை வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்து அழைப்பு போன நான்காம் நாளே, 1,50,000 ரூபாய் கேட்ட அதே நிர்வாகி என் சான்றிதழ்களைக் கூரியரில் அனுப்பிவிட்டார். காசோலைகள் வரவில்லை. உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தபோது மூன்றாம் பருவ மதிப்பெண் பட்டியலும் இல்லை. அதற்காகப் பல்கலைக்கழகத்தில் மாற்றுப் பிரதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.