என்விடிஏ: எங்கள் குழுவைக் கேட்க வைத்த மென்பொருள்

திரைவாசிப்பான், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும், பார்வையற்றவர்களுக்கான மென்பொருள். பார்வையுள்ள ஏழு பேர் அதைச் சில மாதங்கள் பயன்படுத்திவிட்டு மதிப்புரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அன்றாடம் அதை நம்பிப் படித்து, எழுதி, சம்பாதிப்பவர்கள் சொல்வதே இறுதித் தீர்ப்பு. நான் எழுதப்போவது ஒரு மூலையைப் பற்றி மட்டும்: இணையத் தயாரிப்பு ஒன்றை உருவாக்கும் குழுவுக்குள் இந்த மென்பொருள் நுழைந்தால் என்ன ஆகிறது? அந்தக் குழுவில் நான் சோதனையாளர்.

என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் விண்டோஸில் இயங்குவது, இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. தானும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் இதைத் தொடங்கினார். இலவசம் என்பது எங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தியது என்பதைவிட, அனுமதி கேட்கும் வேலையை மிச்சப்படுத்தியது என்பதே சரி. உரிமம் வாங்கும் மென்பொருளாக இருந்திருந்தால் ஒன்றே ஒன்று வாங்கியிருப்பார்கள். அதுவும் என் கணினிக்கே வந்திருக்கும். அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வது, என்றாலே என் ஒருத்தியின் தலைவலி என்றிருந்த காலம் அது.

அப்போது நான் எழுதிய பிழைப்பதிவுகளை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. "விதி 4.1.3 மீறப்பட்டுள்ளது" என்று ஒரு வரி, கீழே இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டுநெறியின் (WCAG) பத்தி ஒன்று. நிரலாளர் படிக்கமாட்டார். மேலாளர் "அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம்" என்று அடியில் தள்ளிவிடுவார். அடுத்த வெளியீடு வரும், பதிவு அதே இடத்தில் கிடக்கும். இத்தனைக்கும் யாரும் கெட்டவர்கள் இல்லை. தானியங்கிச் சோதனைக் கருவி எங்கள் கணக்கு விவரப் பக்கத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருந்தது. அதில் பெருமைப்படவும் நியாயம் உண்டு: இணைய அணுகல்தன்மையை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு 2024இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதித்தபோது 95.9 விழுக்காட்டுப் பக்கங்களில் பிழை கண்டது. நாங்கள் மிஞ்சிய சிறுபான்மையில் இருந்தோம். "நூறு வாங்கிய பிறகும் இவளுக்கு என்ன குறை?" என்று அவர்கள் நினைத்திருந்தால் அது இயல்புதான்.

ஆகவே ஒரு பிற்பகலில் எல்லோருடைய கணினியிலும் என்விடிஏவைப் போட்டேன். நிறுவ அனுமதி இல்லாத கணினிகளில் அதன் கையடக்கப் பிரதியை யுஎஸ்பியிலிருந்து இயக்கினேன். தொடங்கிய நொடியிலிருந்து அது பேசிக்கொண்டே இருக்கும். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இதன் வாயை எப்படி மூடுவது?" கன்ட்ரோல் விசை. வேறெதையும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் இதை முதலில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அடுத்து, தலைப்புக்குத் தலைப்பு தாவ ஹெச் (H), பட்டனுக்குப் பட்டன் தாவ பி (B), படிவக் களங்களுக்கு எஃப் (F). முதல் நாளுக்கு இது போதும்.

ஆனால் கண் இருக்கும்வரை காது வேலை செய்யாது. குரல் என்ன சொன்னாலும் திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். என்விடிஏவின் அமைப்புகளில் திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிடும் திரைச்சீலை வசதி ஒன்று உண்டு. பார்வையற்ற ஒருவர் பொது இடத்தில் தன் திரையைப் பிறர் பார்க்காமல் காத்துக்கொள்ள உதவுவது. எங்களுக்கு அது ஏமாற்றுவதைத் தடுக்கும் வசதியாயிற்று. இந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

திரைச்சீலையை இறக்கிவிட்டு வடிவமைப்பாளரிடம், "உங்கள் கைப்பேசி எண்ணை மாற்றுங்கள்" என்றேன். அவர் பி விசையை அழுத்தினார்.

"திருத்து, பட்டன்." மீண்டும் அழுத்தினார். "திருத்து, பட்டன்." மீண்டும். "திருத்து, பட்டன்."

திரையில் பார்த்தால் முகவரிக்குப் பக்கத்தில் ஒன்று, எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று, கட்டண அட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, ஐயமே வராது. பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் தானியங்கிக் கருவிக்கும் ஐயம் வராது, பெயர் இருக்கிறதே! அவர் குத்துமதிப்பாக ஒன்றைத் திறந்தார். தட்டச்சு செய்தார். சேமித்தார். அறை அமைதியாக இருந்தது. "சேமித்துவிட்டதா?" என்று என்னைக் கேட்டார். இல்லை. அது முகவரியின் அஞ்சல் குறியீட்டுக் களம். "குறியீடு தவறு" என்று சிவப்பில் ஒரு வரி தோன்றியிருந்தது. தோன்றியதை யாருக்கும் சொல்லும்படி நிரலில் எதுவும் இல்லை. நான் மாதக்கணக்கில் 4.1.3 என்று எழுதிக்கொண்டிருந்தது இந்த அமைதியைத்தான்.

அன்று நடந்ததில் கவனிக்கத்தக்கது, குற்றம் தானாகவே பங்கு பிரிந்துகொண்டது. மூன்று பட்டனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தவர் உரை எழுதுபவர். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே குறித்துக்கொண்டார். பிழைச் செய்தியை எங்கே வைப்பது என்று வரைந்தவர் விசைப்பலகை முன் அமர்ந்திருந்தார். அது வரும்போது குரலுக்குத் தெரிவிக்காமல் விட்டவர் நிரலாளர். இவை எதுவும் சோதனையாளர் கடைசி நாளில் சரிசெய்யக்கூடியவை அல்ல. மேலாளர், அடியில் தள்ளிய பதிவுகளை அன்று மாலையே மேலே எடுத்தார். இப்போது திரைச்சீலையை இறக்கி அந்தப் பக்கத்தை ஒருமுறை கடந்த பிறகே எங்கள் குழுவில் ஒரு வேலை "முடிந்தது" என்ற கட்டத்துக்குப் போகும். கடப்பது நான் அல்ல, அந்த வேலையைச் செய்தவர்.

பிழைப்பதிவு எழுதுவதும் எளிதாகிவிட்டது. பேசுவதை எல்லாம் எழுத்தாகக் காட்டும் சிறு சாளரம் ஒன்று கருவிகள் பட்டியலில் இருக்கிறது. கேட்டதை அப்படியே வெட்டி ஒட்டிவிடுகிறேன். "திருத்து பட்டன், திருத்து பட்டன், திருத்து பட்டன்" என்ற பதிவுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். மேக் கணினியில் இயங்காது. எங்கள் வடிவமைப்பாளருக்கு விண்டோஸ் கணினி ஒன்றைக் கடன் வாங்கினோம். மேக் வைத்திருப்பவர்கள் அதிலேயே இருக்கும் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானில் தொடங்கலாம். என்விடிஏவின் கட்டளைகளுக்குத் தேவைப்படும் இன்செர்ட் விசையை மடிக்கணினியில் தேடுவது எரிச்சல். வரவேற்புச் சாளரத்திலேயே அதற்குப் பதில் கேப்ஸ்லாக்கைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, காதுக்கு எட்டுவதே அணுகல்தன்மை என்று குழு நம்பத் தொடங்குவது. வெளிர் சாம்பல் எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடாவது இருக்கிறதா, நடுங்கும் விரலுக்கு அகப்படும்படி பட்டன் 24 பிக்சலாவது இருக்கிறதா என்பதையெல்லாம் என்விடிஏ சொல்லாது. அவற்றுக்கு வேறு சோதனைகள் வேண்டும்.

இன்னொன்று. ஆறு மாதம் கழித்து, என்விடிஏவை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்து அதே பக்கத்தைக் கொடுத்தோம். அவர் குரலுக்கு வைத்திருந்த வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கைப்பேசி எண்ணை மாற்றினார், சேமித்தார், முகம் சுளித்தார். அமைதியாக இருந்த குற்றத்துக்குப் பரிகாரமாக எங்கள் நிரலாளர் எல்லாவற்றையும் அறிவிக்க வைத்திருந்தார்: சரிபார்க்கப்படுகிறது, சேமிக்கப்படுகிறது, சேமிக்கப்பட்டது, பக்கம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த களத்தின் பெயரைக் கேட்க விடாமல் ஒவ்வொன்றும் குறுக்கே விழுந்தது.

"உங்கள் படிவம் கொஞ்சம் வாயை மூடினால் நன்றாக இருக்கும்" என்றார் அவர்.

நான் பதிவு எழுதத் திறந்தேன். நிரலாளர் ஏற்கெனவே தன் பெயரில் ஒன்று போட்டிருந்தார்.